முன் சக்கரத்தில் உட்பக்க பிரேக் பேட் மட்டும் தேய்வது ஏன்?

கேள்வி: தினமும் காய்கறி ஏற்றிச் செல்லும் எங்கள் பிக்கப் வண்டியின் இடது முன் சக்கரத்தில், உட்பக்க பேட் இரும்புத் தகடு தெரியுமளவுக்குத் தேய்ந்துவிட்டது, வெளிப்பக்க பேடிலோ பாதிக்கு மேல் மீதமிருக்கிறது. பேட் மட்டும் மாற்றினால் போதுமா?

மறுமொழி: போதாது, புதியதும் அப்படியேதான் தேயும். பேட்களை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் ஒற்றைப் பிஸ்டன் கொண்டது என்றால், அது நகர உதவும் பின்கள் துருவேறி இறுகியிருக்கலாம், அல்லது பிஸ்டன் பின்வாங்காமல் நின்றிருக்கலாம். காலிப்பரைக் கழற்றி, பிரேக் திரவம் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைத்து, இரு பின்களையும் கையால் அசைத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வர வேண்டும். பிஸ்டனின் ரப்பர் உறை கிழிந்து சேறு புகுந்திருக்கிறதா என்பதையும் அவசியம் கவனியுங்கள்.

மறுமொழி: பின்களுக்குச் சாதாரண கிரீஸ் தடவவே வேண்டாம்; அது ரப்பரை உப்பவைத்து மீண்டும் இறுக்கிவிடும். பிரேக்குக்கென விற்கும் சிலிக்கான் கிரீஸே சரி. சக்கரம் இறுகி நிற்கும்போது திரவத்தை வெளியேற்றும் பிளீடர் திருகைத் திறந்தவுடன் தளர்ந்தால், ஹோஸ் உட்புறம் வீங்கி, திரவத்தைத் திரும்பவிடாமல் அடைத்திருக்கக்கூடும்.

கேட்டவர்: மிக்க நன்றி ஐயா. வலது பக்க பேட்களில் குறையில்லை; அவற்றையும் மாற்ற வேண்டுமா?

மறுமொழி: கட்டாயம் மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால், பாரத்தோடு பிரேக் அடிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும்.