கடல்நீர்த் தொட்டிக்கு ஒரு சொல் வேண்டும்: ‘காரத்தன்மை’ சரிப்படவில்லை

காரைக்குடி, தொட்டி பராமரிப்பவர்:
அனைவருக்கும் வணக்கம். பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிகளுக்கு ஒரு பக்கச் சோதனைத் தாள் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் வேலை நிற்கிறது.

கால்சியத்தில் சிக்கல் இல்லை. தொட்டி நீர் 5 மில்லி எடுத்து, காரக் கரைசலும் நிறங்காட்டியும் சேர்த்து, இளஞ்சிவப்பு மாறி நீலமாகும்வரை சொட்டுகளை எண்ணுகிறோம். 400 முதல் 450 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருந்தால் நிம்மதி. அடுத்த சோதனைதான் ஆல்கலினிட்டி. பாடநூலில் அது ‘காரத்தன்மை’. பிஎச் (நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) கூடினாலும் அதே ‘காரத்தன்மை’தான். இரண்டும் வேறு வேறு. நீர் எவ்வளவு அமிலத்தை ஏற்றுச் சமாளிக்கும் என்பதுதான் ஆல்கலினிட்டி. கதவடைத்த ஏசி அறையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் பிஎச் இறங்கும், ஆல்கலினிட்டி அப்படியே இருக்கும். இது புரியாமல் ஒருவர் பிஎச் 7.8 என்று பார்த்ததும் ‘காரத்தன்மை குறைவு’ என்று சோடியம் கார்பனேட்டை அள்ளிப் போட்டார். நீரில் இருந்த கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து, தொட்டி பாலாய் வெளுத்து, மோட்டாரெல்லாம் வெள்ளைப் பொருக்கு.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, சொல் நம் வயலிலேயே இருக்கிறது: களர். உப்பு மிகுந்த நிலத்தை உவர் என்றும், காரம் ஏறிய நிலத்தைக் களர் என்றும் உழவுத் துறையில் இன்றைக்கும் பிரித்தே சொல்கிறார்கள். ‘காரம்’ க்ஷாரம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. போதாக்குறைக்கு மிளகாய்க்கும் அதே பெயர். ‘களர்மை’ என்று வையுங்கள்.

கண்டனூர், வேதியியல் ஆசிரியை:
ஐயா, ‘பயவாக் களரனையர் கல்லாதவர்’ என்பது குறள் 406. எதுவும் விளையாத நிலத்தின் பெயரை, பவளம் வளர அவசியமான ஒன்றுக்கு வைக்கலாமா? அதோடு, மண்ணின் பிஎச் 8.5-க்கு மேல் போனால்தான் அதைக் களர் என்கிறோம். சுற்றிச் சுற்றி பிஎச்சிலேயே வந்து நிற்போம்.

தேவகோட்டை:
பயவாதது நெல்லுக்கு அம்மா, துணிக்கு அல்ல. புறநானூறு 311-ஐ எடுத்துப் பாருங்கள். ‘களர்ப்படு கூவல்’, அதாவது களர் நிலத்துக் கிணறு, தோண்டி, அந்த நீரில் வெளுத்ததால்தான் அது ‘தூவெள் அறுவை’, தூய வெள்ளாடை. களரின் ஆற்றலை ஔவையார் அறிந்தே பாடியிருக்கிறார்.

யாழ்ப்பாணம்:
இடையில் ஒரு கேள்வி. இப்படிச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு காண்பதை (டைட்ரேஷன்) நீங்கள் ‘தரம்பார்த்தல்’ என்கிறீர்கள், நாங்கள் ‘நியமிப்பு’ என்று படித்தோம். தாளில் எதைப் போடப் போகிறீர்கள்?

காரைக்குடி:
இரண்டுமில்லை ஐயா. ‘சொட்டு எண்ணுதல்’ என்றே எழுதிவிட்டேன். கையில் குப்பி வைத்திருப்பவருக்கு அது போதும்.

கானாடுகாத்தான், ஆச்சி:
தாளின் முதல் வரைவைப் படித்தேன். ‘கால்க்வாசர்’ என்று ஒரு ஜெர்மன் சொல் எதற்கு? நீற்றிய சுண்ணாம்பை நீரில் கலக்கி, வண்டல் அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்ததை இறுத்தால் சுண்ணாம்புத் தெளிநீர். சுண்ணாம்புப் பூச்சிலேயே ஊர் ஊராக வீடு கட்டியவர்கள் நாம். இந்தச் சொல்லுக்கா பஞ்சம்? கால்சியத்தை ‘சுண்ணம்’ ஆக்கலாம் என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார், அது வேண்டாம். திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணத்தில் இடிப்பது வாசனைப் பொடி.

காரைக்குடி:
தெளிநீரை எடுத்துக்கொண்டேன் ஆச்சி. கால்சியம், ஆல்கலினிட்டி இரண்டையும் பவளம் செலவழிக்கிற அதே விகிதத்தில் திருப்பித் தருவது அது. ஆனால் பிஎச் 12-க்கு மேல். ஆவியாகிப்போன நீருக்கு ஈடாக, இரவில் மெல்லச் சொட்டவிட வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன், அதில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்தச் சொல்லுக்காக நான் மல்லுக்கட்டுவதற்குக் காரணம் உண்டு. பவளம் எலும்புக்கூடு கட்டும்போது கால்சியம் 20 பிபிஎம் இறங்கினால் ஆல்கலினிட்டி 2.8 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) இறங்கும். 420 இருந்தது 400 ஆனால் யார் கண்ணிலும் படாது. அதற்குள் ஆல்கலினிட்டி 8 இருந்தது 5.2 ஆகியிருக்கும், பவளம் வெளிறத் தொடங்கிவிடும். முதலில் பார்க்க வேண்டிய அளவுக்கே தெளிவான பெயர் இல்லை.

கண்டனூர்:
அப்படியானால் ‘அமிலத் தாங்குதிறன்’. தாங்கல் கரைசல் (பஃபர்) என்று பிள்ளைகள் ஏற்கெனவே படிக்கிறார்கள். பெயரைக் கேட்டாலே வேலை விளங்கும்.

தேவகோட்டை:
அமிலம் மட்டும் தமிழா? ஆம்லம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ‘புளிமம்’ என்றாலாவது ஒப்புவேன்.

கண்டனூர்:
புளிமம் என்றால் எந்த வகுப்பிலும் புரியாது ஐயா. வேர் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைகள் ஆல்கலினிட்டி என்றே சொல்லிவிட்டுப் போவார்கள்.

கானாடுகாத்தான்:
எனக்கும் தாங்குதிறன் சம்மதம். வாயில் நிற்கிறது.

யாழ்ப்பாணம்:
ஆட்சேபம் இல்லை.

காரைக்குடி:
சரி, ‘அமிலத் தாங்குதிறன்’ என்று தலைப்பிலும், அதற்குப் பிறகு ‘தாங்குதிறன்’ என்று சுருக்கியும் போடுகிறேன். சோதனைப் பெட்டியின் மேல் அச்சாகியிருப்பது ஆல்கலினிட்டி என்பதால் அதையும் தமிழ் எழுத்தில் ஒருமுறை சேர்க்கிறேன். மறுப்பிருந்தால் நாளை மாலைக்குள் எழுதுங்கள்.

தேவகோட்டை:
அச்சாகட்டும், வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் தாங்குதிறன் பாலத்துக்கும் உண்டு, தூணுக்கும் உண்டு. சுருக்கியதும் எதைத் தாங்குவது என்பதே போய்விடுகிறது. களர்மையை நான் விடவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் விரிவாக எழுதுவேன்.