ஐந்தடி மேசைக்கு எந்த அளவு: 28 மி.மீ., 15 மி.மீ., 6 மி.மீ.?

மொட்டைமாடி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. நானும் பதினான்கு வயதான என் அக்கா மகனும், வண்ணம் தீட்டிய சிறு பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்தி ஆடும் அறிவியல் புனைவுப் போர் விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறோம். களம் தொலைதூரக் கோளில் ஒரு சுரங்க நகரம். காப்பவர்கள் காலாட்படை. தாக்குபவர்களிடம் ஐந்து டாங்கிகளும், பத்து மீட்டர் உயரத்தில் நடந்து வரும் இயந்திரங்கள் இரண்டும் உண்டு. விதிகளை அவன்தான் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறான்.

விளையாட இருப்பது எங்கள் சாப்பாட்டு மேசை மட்டுமே. ஐந்தடி நீளம், மூன்றடி அகலம். இரவு உணவுக்குமுன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட வேண்டும். வண்ணம் தீட்ட வாரத்தில் இரண்டு மாலைகள் கிடைக்கும். அவனுக்கு 28 மி.மீ. உயர வீரர்கள் மேல்தான் ஆசை. எனக்கு டாங்கிகள் டாங்கிகளாக ஓட இடம் வேண்டும். ஒருமுறை வாங்கிவிட்டால் கட்டடங்களும் அதே அளவில் சேர்ந்துவிடும் என்பதால் இப்போதே தெளிவாக முடிவெடுக்க விரும்புகிறேன்.

தூரிகை சொன்னது:

பையன் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். 1987இல் வெளிவந்த வார்ஹாமர் 40,000 என்ற அறிவியல் புனைவுப் போர் விளையாட்டு புகழ்பெற்றது; இந்தத் துறையில் இன்று அதிகம் கிடைப்பது 28 மி.மீ.தான். முகத்தில் தழும்பு, தோள் கவசத்தில் படைச் சின்னம், விரலில் கையுறைத் தையல் எல்லாம் தெரியும். பத்துப் பேர் கொண்ட படையை ஒரு மாதம் ரசித்துத் தீட்டலாம். ஆனால் ஐந்து டாங்கி என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. பக்கத்துக்குப் பத்து வீரர்கள், ஒரு வாகனம் என்று கதையைச் சுருக்கினால் 28 எடுங்கள்.

அளவுநாடா சொன்னது:

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 28 மி.மீ. என்பது விகிதம் அன்று, உருவத்தின் உயரம். அதையும் பலர் உள்ளங்காலிலிருந்து கண்வரை அளப்பார்கள், சிலர் உச்சந்தலைவரை அளப்பார்கள். அதனால்தான் இரண்டு தயாரிப்பாளர்களின் ‘28’ பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒருவன் மற்றவனுடைய தோளுக்கு வருகிறான். தலையையும் கையையும் துப்பாக்கியையும் வேண்டுமென்றே பெரிதாக்கும் ‘ஹீரோயிக்’ பாணி வேறு இருக்கிறது. தோராயமாக 28 மி.மீ. என்றால் 1/56 (நிஜ அளவில் 56இல் ஒரு பங்கு), 15 மி.மீ. என்றால் 1/100, 6 மி.மீ. என்றால் 1/285.

இப்போது உங்கள் மேசைக்கு வாருங்கள். ஐந்தடி என்பது 152 செ.மீ. 1/56இல் அது 85 மீட்டர் நிலம். 1/100இல் 152 மீட்டர், 1/285இல் 434 மீட்டர். சாதாரணக் காலாட்படைத் துப்பாக்கியே 300 மீட்டர் பாயும் என்றால், 28இல் உங்கள் டாங்கிகள் ஒரு தெருவுக்குள் நின்று சுட்டுக்கொள்கின்றன. நிலத்தை உருவத்தைவிடச் சுருக்கிக் கணக்கிடுவது பல விதிநூல்களின் வழக்கம்தான். பேட்டில்டெக் என்ற இயந்திரப் போர் விளையாட்டின் வரைபடத்தில் ஒரு அறுகோணக் கட்டம் 30 மீட்டர். அதன்மேல் நிற்கும் இயந்திரத்தின் அளவில் பார்த்தால் அறுகோணம் பத்து செ.மீ. அகலம் இருக்க வேண்டும், இருப்பதோ மூன்று சொச்சம். அதைக் கண் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஏற்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நான் நாற்பது வீரர்களையும் மூன்று டாங்கிகளையும் 28இல் எட்டு மாதம் தீட்டி, நான்கடி மேசையில் முதல் ஆட்டத்துக்கு வைத்தேன். டாங்கிகளுக்கு நடுவே ஒரு முழம்கூட இல்லை. பக்கவாட்டில் சுற்றிவளைக்க வழியே கிடையாது. அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

ஏழு மீட்டர் டாங்கி 28இல் பன்னிரண்டரை செ.மீ. வரும், 15இல் ஏழு, 6இல் இரண்டரை. உங்கள் பத்து மீட்டர் இயந்திரம் 28இல் பதினெட்டு செ.மீ., 15இல் பத்து, 6இல் மூன்றரை. என் ஓட்டு 15 மி.மீ.க்கு. அந்த வீரன் சுட்டுவிரல் நகத்தைவிடச் சற்றே உயரம். தலைக்கவசக் கண்ணாடிக்கு ஒரே ஒரு புள்ளி நீலம், அதன் ஓரத்தில் ஊசிமுனை வெள்ளை. ஒரு முழம் தள்ளிப் பார்த்தால் அவன் நம்மைப் பார்ப்பது போலவே இருக்கும். 6இல் அந்தப் பார்வை கிடைக்காது. அங்கே படைப்பிரிவுதான் பாத்திரம், ஆள் அல்ல. களம் சுரங்க நகரம் என்றால் சுரங்கத் தொழிலாளியும் கதையில் இருப்பான். அவன் தெரிய வேண்டும்.

அறிவியல் புனைவில் நமக்கு ஒரு வசதி. அந்த டாங்கியை யாரும் நேரில் பார்த்ததில்லை. அளவைச் சொல்வது கதவும் ஏணியும் ஆள் ஏறி இறங்கும் மேல்மூடியும்தான். வேறு அளவு வாகனத்தில் மூடியை மாற்றி ஒட்டினால் 15க்குப் பொருந்திவிடும். இரண்டு மீட்டர் கதவு 15இல் இரண்டு செ.மீ. என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

எடுத்துவைக்க: ஹார்டுவேர் கடையில் 20 மி.மீ. இரும்பு வாஷர் வாங்கி ஒவ்வொரு வீரனையும் அதன்மேல் ஒட்டுங்கள். இனிப்பு டப்பாவின் அடியில் காந்தத் தாள். ஒரு படையே ஒரு டப்பாவுக்குள் அசையாமல் நிற்கும்.

ரெசின்வாசனை சொன்னது:

வீரர்களை வீட்டில் முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிடுவதாக இருந்தால் ஒன்று. 28க்கு வரைந்த கணினிக் கோப்பை 54 சதவீதமாகச் சுருக்கினால் 15 ஆகிவிடும் என்று நம்பாதீர்கள். ஒரு மி.மீ. துப்பாக்கிக் குழல் அரை மி.மீ. ஆகி, அச்சாகும்போது உருவத்தைத் தாங்கி நிற்கும் குச்சிகளைக் கழற்றும்போதே ஒடிகிறது. எனக்கு ஒரே தடவை அச்சிட்டதில் பன்னிரண்டு துப்பாக்கிகள் போயின. 15க்கென்றே வரைந்த கோப்பைத் தேடுங்கள்.

மொட்டைமாடி கேட்டது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று பழைய காலண்டர் அட்டையில் மூன்று அளவுகளிலும் டாங்கிகளை வெட்டி மேசையில் பரப்பினோம். 28இல் இரண்டாவது நகர்விலேயே எதிரெதிரே முட்டிக்கொண்டன. 15இல் அவன் இரண்டு டாங்கிகளைச் சுரங்கக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து, என் இடப்பக்கத்தைச் சுற்றி வந்துவிட்டான். பிறகு 28ஐப் பற்றி அவன் பேசவே இல்லை. தலைவன் ஒருவனை மட்டும் 28இல் வாங்கி அலமாரியில் வைக்கத் தீட்டலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

அளவுநாடா அவர்களே, வாஷரில் ஒட்ட சூப்பர் குளூ போதுமா, எபாக்சி வேண்டுமா? சனிக்கிழமை கடைக்குப் போகிறோம்.

அளவுநாடா சொன்னது:

சூப்பர் குளூ போதும். வாஷரை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். நடுத்துளையை அடியில் காகிதம் ஒட்டி அடையுங்கள்.