இசிஜியில் பிடிபட்ட தாளக் கோளாறுகள்: நாங்கள் நேரில் பார்த்தவை

அவசரப் பிரிவுச் செவிலியர்:
வயதான ஒரு அம்மா, மூச்சு வாங்குகிறது என்று வந்தார். மானிட்டரில் துடிப்பு 150. காய்ச்சலாலோ பயத்தாலோ ஏறிய துடிப்பு ஒரே இடத்தில் நிற்காது; படுக்க வைத்துப் பேச்சுக் கொடுத்தாலே கொஞ்சம் இறங்கும். இவருக்கு அரை மணி நேரம் கழித்தும் அதே 150. இசிஜி தாளின் மேலே இயந்திரம் 'சைனஸ் டாகிகார்டியா' (தாளம் இயல்புதான், வேகம் மட்டும் அதிகம்) என்று அச்சடித்திருந்தது. டியூட்டி டாக்டர் அந்த வரியைச் சட்டை செய்யாமல் நேரே 2, 3, ஏவிஎஃப் லீடுகளை, அதாவது இதயத்தை வெவ்வேறு கோணத்தில் காட்டும் பதிவுகளில் அந்த மூன்றை, பார்த்தார். அடிக்கோடு சமமாக இல்லை, ரம்பப் பல் போல ஓடியது. இரண்டு பல்லில் ஒன்று, கீழறைத் துடிப்பைக் காட்டும் கூர்முனையான க்யூஆர்எஸ்ஸோடு ஒட்டி ஒளிந்திருந்தது. ஏட்ரியல் ஃப்ளட்டர். மேலறை நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 முறை துடிக்கிறது. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் ஏவி கணு இரண்டில் ஒன்றைத்தான் கீழே விடுகிறது. அதனால்தான் 150. இப்போதெல்லாம் அசையாத 150-ஐப் பார்த்தால், ஃப்ளட்டர் இல்லை என்று உறுதியாகும்வரை நான் அந்தப் படுக்கையை விட்டு நகர்வதில்லை.

இசிஜி டெக்னீஷியன்:
எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. பார்க்கின்சன் நோய் உள்ள ஒரு பெரியவர், வலது கை நடுங்கிக்கொண்டே இருக்கும். தாளில் வந்ததைப் பார்த்தால் கீழறையிலிருந்தே கிளம்பும் ஆபத்தான வேகத் துடிப்பான வென்ட்ரிகுலர் டாகிகார்டியா (விடி) மாதிரியே இருந்தது. உடனே மணிக்கட்டைப் பிடித்தேன்; நாடி நிதானமாக, ஒழுங்காக ஓடியது. அப்புறம் 3-ஆம் லீடைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அந்த லீட் இடது கையையும் இடது காலையும் வைத்து எடுப்பது. வலது கை நடுக்கம் அதில் ஏறாது, 1-லும் 2-லும்தான் ஏறும். அந்தக் கிறுக்கலுக்குள்ளேயும் கூர்ந்து பார்த்தால் க்யூஆர்எஸ் சீரான இடைவெளியில் தலை நீட்டியது. கையை அவர் தொடைக்கடியில் வைக்கச் சொல்லி மறுபடி எடுத்தேன். சாதாரண சைனஸ் தாளம்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நோயாளி நன்றாகப் பேசுகிறார் என்பதை மட்டும் வைத்து நடுக்கம்தான் என்று தள்ளிவிடாதீர்கள். நிஜமான விடி இருந்தும் எழுந்து உட்கார்ந்து பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன். க்யூஆர்எஸ் மூன்று சின்னக் கட்டம், அதாவது 0.12 நொடி, அல்லது அதற்கு மேல் அகலமாக இருந்து துடிப்பும் வேகமாக இருந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது விடிதான்.

படபடப்போடு அலைந்த ஒருவர்:
நான் மருத்துவத் துறை இல்லை, நோயாளி. கல்லூரிக் காலத்திலிருந்தே திடீரென்று சுவிட்ச் போட்டது போல நெஞ்சு அடித்துக்கொள்ளும், அதே மாதிரி திடீரென்று நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கிவிடும். 'இசிஜி நார்மல், டென்ஷன்தான்' என்று பல இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு இதய மருத்துவர் அந்த 'நார்மல்' தாளையே எடுத்து எனக்குக் காட்டினார். மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலை முடிந்ததும் இடைவெளியே இல்லாமல் க்யூஆர்எஸ் தொடங்குகிறது. அதுவும் செங்குத்தாக ஏறாமல் முதலில் சாய்வாக ஏறி, அப்புறம்தான் நிமிர்கிறது. அந்தச் சாய்வுதான் டெல்டா அலை. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் எனக்குப் பிறவியிலேயே இன்னொரு மின்பாதை இருந்திருக்கிறது. 1930-இல் வுல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்ற மூவர் விவரித்த கோளாறு இது. படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்த தாளிலேயே அடையாளம் இருந்தது. யாரும் தேடவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவசரப் பிரிவுச் செவிலியர்:
அந்தக் கூடுதல் பாதையை அழிக்கும் அபலேஷன் சிகிச்சை செய்துகொண்டீர்களா? இப்போது எப்படி?

படபடப்போடு அலைந்தவர்:
செய்துகொண்டேன், அதற்குப் பிறகு வரவே இல்லை. புதிய இசிஜியில் அந்தச் சாய்வும் போய்விட்டது. பழைய தாள்களையும் வைத்திருக்கிறேன். வெப்பத்தாள் என்பதால் மங்கிக்கொண்டு வருகிறது, அதனால் போட்டோ எடுத்து வைத்துவிட்டேன். படபடப்பு உள்ளவர்கள் உங்கள் தாள்களையும் அப்படி எடுத்து வையுங்கள். அடுத்த மருத்துவர் கேட்பார்.