புதுப்பிப்பு: தாத்தாவுடன் பாளையம் போய் வந்தோம்

நாகர்கோவிலிலிருந்து தாத்தாவைத் திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகத்தின் பாளையம் வளாகத்துக்கு எப்படி அழைத்துச் செல்வது என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று போய் வந்தோம். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வடசேரியில் பஸ் ஏறி, களியக்காவிளை வழியாகத் தம்பானூரில் இறங்கினோம். அங்கிருந்து ஆட்டோ. ஏறும்போதே பாளையம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஊருக்கு வெளியே காரியவட்டத்திலும் ஒரு வளாகம் இருக்கிறது.

தாத்தா 1955-இல் பட்டம் வாங்கியபோது குமரி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது; பல்கலைக்கழகத்துக்கும் திருவிதாங்கூர் என்றே பெயர். 1957-இல்தான் கேரளப் பல்கலைக்கழகம் ஆனது. படியருகே என் தோளைப் பிடித்து நின்றவர், செருப்பைக் கழற்றப் போனார். “இது கோயில் இல்லையே தாத்தா” என்றேன்.

“எனக்குக் கோயில்தான், மக்களே” என்றார்.