டிவி, சினிமா பற்றிய புத்தகங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

நைட் ஷிப்ட்:
கதை, நாவல் வேண்டாம். டிவி, சினிமா, அவற்றைப் பார்க்கும் ஜனங்கள் பற்றிய கட்டுரை நூல்கள் மட்டும். அது உங்களை என்ன செய்தது என்று எழுதுங்கள்.

நான் தொடங்குகிறேன். செய்திச் சேனல் ஒன்றில் வேலை பார்த்தபோது சீனியர் ஒருவர் கொடுத்தது, நீல் போஸ்ட்மேன் 1985இல் எழுதிய ‘அம்யூசிங் அவர்செல்வ்ஸ் டு டெத்’. செய்தி வாசிப்பவர் ஒரு சாவைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறாரே, அந்தத் தாவலுக்கே ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். எவ்வளவு பெரிய கோரமாக இருந்தாலும் அடுத்த விளம்பரம் வந்து துடைத்துவிடும் என்கிறார். அன்றிரவு பஸ் விபத்துக்கும் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் நடுவே ‘சிறிய இடைவேளைக்குப் பிறகு’ என்று எழுதும்போது கை கூசியது. வேலையை ஒன்றும் விட்டுவிடவில்லை. சம்பளம் வேண்டுமே!

டெல்லி மருமகள்:
போஸ்ட்மேனை நானும் படித்தேன். 1854இல் அமெரிக்காவின் பியோரியா ஊரில், லிங்கனின் அரசியல் எதிராளி டக்ளஸ் மூன்று மணி நேரம் பேசி முடித்தபின், லிங்கன் கூட்டத்தைச் சாப்பிட்டுவிட்டு வரச்சொல்லி, அப்புறம் தன் பேச்சைத் தொடங்கினார் என்று சிலாகிக்கிறார். விடிய விடியத் தெருக்கூத்து பார்த்த ஊர்க்காரிக்கு இதில் என்ன ஆச்சரியம்? அவருடைய புத்தகத்தில் அறிவுரை நிறைய; டிவி பார்க்கும் மனிதரின் குரலைக் காணோம்.

எனக்குப் பிடித்தது பூர்ணிமா மங்கேகரின் ‘ஸ்க்ரீனிங் கல்ச்சர், வியூயிங் பாலிடிக்ஸ்’ (1999). டெல்லியில் சாதாரணக் குடும்பத்துப் பெண்களோடு பேசிப் பழகி, தூர்தர்ஷன் தொடர்களை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறார். மகாபாரதத் தொடரில் துகிலுரியும் காட்சியைப் பற்றிக் கேட்டால், அந்தப் பெண்கள் தங்கள் சொந்த வாழ்க்கையைப் பேசுகிறார்கள். புராணம் பார்க்கிறவர்கள் பக்தியில் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்ற நினைப்பையே அந்த அத்தியாயம் உடைத்துவிடுகிறது.

படித்துவிட்டு என் மாமியாரிடம் கேட்டேன். அவரும் ஞாயிறு தவறாமல் அந்தத் தொடரைப் பார்த்தவர். “சேலை நீண்டதெல்லாம் ஞாபகமில்லம்மா. பெரியவங்க அத்தன பேர் உட்கார்ந்திருந்த சபையில அவ கேட்ட கேள்விதான் ஞாபகம் இருக்கு. ஒருத்தராவது வாயத் திறந்தாங்களா?” என்றார். அப்புறம் தன் நாத்தனார் கல்யாணத்தில் நடந்த பழைய சண்டை ஒன்றைச் சொன்னார். அந்த வீட்டில் அதுவரை யாரும் எனக்குச் சொல்லாத கதை.

புரோமோ வெட்டி:
ரேமண்ட் வில்லியம்ஸின் ‘டெலிவிஷன்’, 1974. கப்பலில் அமெரிக்கா போய் இறங்கிய மனிதர் மயாமியில் ஓர் இரவு டிவியில் படம் பார்க்கிறார். சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் குற்றக் கதை. நடுவில் டியோடரண்ட் விளம்பரம், வேறு நாள் வரப்போகும் இரண்டு படங்களின் டிரெய்லர். பாரிஸ் காதலும் நியூயார்க்கை நாசமாக்கும் மிருகமும் எல்லாம் ஒரே கதைபோலக் குழம்பிவிடுகின்றன. தனித்தனி நிகழ்ச்சிகள் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான், டிவி தருவது ஓயாத ஓட்டம் என்று அங்கிருந்து பிடிக்கிறார். புரோமோ வெட்டுவது என் பிழைப்பு. அவர் குழம்பியது எங்களுக்கு வெற்றி.

மதுரை முதல் ஷோ:
எம்.எஸ்.எஸ். பாண்டியன், ‘தி இமேஜ் ட்ராப்’, 1992. எம்.ஜி.ஆர். ஆட்சியில் வரிச்சுமை ஏழைகள் தலையில் விழுந்தது, இருந்தும் அவர்களே ஏன் அவரைத் தாங்கிப் பிடித்தார்கள் என்பதுதான் கேள்வி. திரையில் உருவான பிம்பத்தில் விடை தேடுகிறார். ரசிகர் மன்றத்தில் இருந்த அப்பாவுக்குச் சில பக்கங்களைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். “வரி கணக்கெல்லாம் சரிதான். ஆனா எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுட்டாரு பாரு” என்றார். வாதம் இன்னும் முடியவில்லை. இதே மதுரையில் தங்கி, சினிமா பார்க்கும் ஏழைகளைப் பற்றி சாரா டிக்கி எழுதியது 1993இல் வந்தது. யாரிடமாவது இருந்தால் இரவல் கொடுங்கள், அப்பாவிடம் காட்ட வேண்டும்.