மார்கழியில் விடியக்காலை மட்டும் பி.எம். 2.5 (காத்துல மிதக்கிற நுண்துகள்) எகிறுவது ஏன்? (நெல்லிக்குப்பம்)

கெடிலக்கரை:
மொட்டை மாடியில் பி.எம்.எஸ். 5003ன்னு லேசர் வச்சு துகளை எண்ணுற சென்சார் போட்ட மீட்டர் இருக்கு. மழை விட்டதிலிருந்து காலை 5.30க்கு பி.எம். 2.5 அளவு ஒரு கன மீட்டர் காத்துக்கு 180 மைக்ரோகிராம், ஈரப்பதம் 95%. மதியம் 2 மணிக்கு 35, ஈரப்பதம் 65%. கரும்புச் சோகை (காய்ஞ்ச தோகை) கொளுத்துவது இருட்டுறதுக்குள்ள முடிஞ்சிடுது. விடியக்காலையில் எதுவும் எரியலையே, அப்புறம் எப்படி ஏறுது? பனியைப் புகைன்னு எண்ணிக்குதா?

உப்பனாறு:
கொஞ்சம் அப்படித்தான். ஈரம் கூடினா துகள் தண்ணி குடிச்சு ஊதும், லேசர் அதைப் பெரிய துகளா எடுத்துக்கும். இதே சென்சாருக்கு அமெரிக்காவில் போட்ட திருத்தம்: மீட்டர் அளவு × 0.524, அதில் ஈரப்பதம் × 0.0862 கழிச்சு 5.75 கூட்டணும். உங்க 180 சுமார் 92 ஆகுது, 35 சுமார் 18 ஆகுது. நம்ம ஊர்ப் புகைக்கு அப்படியே பொருந்தாது, உத்தேசம்தான். ஆனா திருத்தின பிறகும் காலை அளவு அஞ்சு மடங்கு. அதனால மீட்டரை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. நம்ம நாட்டு வரம்பு 24 மணி நேர சராசரிக்கு 60. ஒரு காலை அளவை அதோட நேரா ஒப்பிடாதீங்க, நாள் முழுக்க சராசரி எடுங்க.

வாடைக்காத்து:
சாயங்காலப் புகை எங்கேயும் போகலை சார், அதுதான் விஷயம். வானம் தெளிஞ்ச ராத்திரியில் தரை சீக்கிரம் குளிரும், அதை ஒட்டின காத்தும் குளிர்ந்து கனமாகும். மேலே இருக்கிறது வெதுவெதுப்பா மூடி மாதிரி உட்கார்ந்துக்கும். வெப்பநிலைத் தலைகீழ்னு சொல்வாங்க. பகலில் 1000 மீட்டர் உயரம் வரை கலக்கிற புகை, ராத்திரி 100 மீட்டருக்குள் அடங்குதுன்னு வச்சுக்கோங்க. காத்தும் நொடிக்கு 4 மீட்டரிலிருந்து 1 மீட்டராச்சுன்னா, அதே புகைக்குக் கிடைக்கிற காத்து 40ல ஒரு பங்கு.

நிலமும் இதுக்கு ஒத்தாசை. உங்க ஊர் தென்பெண்ணை ஆத்துக்கும் கெடிலம் ஆத்துக்கும் நடுவில் தட்டை. கெடிலத்துக்குத் தெற்கே கேப்பர் மலை மேடு பெரிய உயரமில்லை, ஆனா அதன் சரிவில் குளிர்ந்த காத்து இறங்கி ஆத்துப் பள்ளத்தில் தேங்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் மூடி கழண்டுக்கும். அப்புறம் கடல்காத்து வந்து மிச்சத்தையும் உள்நாட்டுப் பக்கம் தள்ளிடும்.

கெடிலக்கரை:
இதை நாமே சோதிச்சுப் பார்க்க வழி உண்டா அண்ணே?

வாடைக்காத்து:
ஒரே ரகத் தெர்மாமீட்டர் ரெண்டு வாங்கி, முதல்ல பக்கத்துல பக்கத்துல அரைமணி நேரம் வச்சு வித்தியாசத்தைக் குறிச்சுக்கோங்க. பிறகு ஒண்ணு தரையிலிருந்து 1 மீட்டரில், இன்னொண்ணு 10 மீட்டருக்கு மேல, ரெண்டும் காத்து புகுந்து வர்ற மறைப்புக்குள். விடியறதுக்கு முன்னாடி மேலே இருக்கிறது அதிகம் காட்டினா மூடி விழுந்திருக்கு. சிமென்ட் தளத்துல வைக்காதீங்க, பகல் சூடு விடியும்வரை கீழே தங்கும். தெர்மாமீட்டர் இல்லைன்னா, ஊர்ல எந்தப் புகைக்கூண்டுப் புகையாவது கொஞ்சம் ஏறி அப்படியே பாய் விரிச்ச மாதிரி கிடையா பரவுதான்னு பாருங்க.

உப்பனாறு:
மீட்டர் வைக்கிற இடமும் முக்கியம். சமையலறைப் புகைபோக்கி, ரோடு ரெண்டிலிருந்தும் தள்ளி, காத்து நாலு பக்கமும் வர்ற இடத்துல, மழைச்சாரல் படாம இருக்கணும். உள்ளே மின்விசிறி சின்னது, தூசி அடைச்சா அளவு நம்பும்படி இருக்காது. போகி அன்னைக்கு வர்ற எண்ணைக் கணக்குல சேர்க்காதீங்க, அது வேற கச்சேரி.

சோகைக்காரன்:
அப்ப எரிச்சே ஆகணும்னா காலை 11லிருந்து 2க்குள்ளன்னு சொல்லிடலாமா?

வாடைக்காத்து:
காத்துக் கணக்குக்குச் சரி. ஆனா மதியம் காத்து வேகம், தீ பக்கத்துத் தோட்டத்துக்குத் தாவும். சோகையைத் தூளாக்குற கருவியை டிராக்டரில் மாட்டி மறுதாம்பு (வெட்டின கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கிற கரும்பு) பார் இடுக்கில் பரப்பினா ரெண்டு தொல்லையும் இல்லை, ஈரமும் நிக்கும்.

ஆனி ஆடியில் மேல்காத்து (மேற்கிலிருந்து வர்ற காத்து) அடிக்கும்போது இந்தக் கணக்கே மாறும். அப்ப காலையில் சுத்தமா இருந்து 9 மணி வாக்கில் அளவு ஏறினா, ராத்திரி மூடிக்கு மேலே மிதந்த உயரமான புகைபோக்கிப் புகை, மூடி உடைஞ்சதும் தரைக்கு இறங்குதுன்னு சந்தேகப்படலாம். காத்து வந்த திசையையும் நேரத்தோட சேர்த்து எழுதி வைங்க.