நெளிதகடா, திரைத்தகடா? பாட்டினாவுக்கும் ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

அனுப்பியவர்: ந.

அன்பு நண்பர்களுக்கு,

ஒளிப்படம் கற்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏழாம் பாடம் முழுக்கத் துருப்பிடித்த தகரக் கொட்டகைகளும், வெயிலிலும் மழையிலும் நின்று ஓய்ந்துபோன நாட்டுப்புறக் கட்டடங்களும்தான். அவற்றை எப்படிப் படமெடுப்பது என்று சொல்லித் தருகிறது. இரண்டு சொற்களில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஒன்று, கொருகேட்டட் அயர்ன். கொட்டகைக் கூரைக்கும் சுவருக்கும் போடும் அலையலையான இரும்புத் தகடு. இப்போதைக்கு ‘நெளித்தகடு’ என்று போட்டிருக்கிறேன். மற்றது, பாட்டினா. பல வருடம் வெளியில் கிடந்த பொருளின் மேல் படியும் நிறம், மங்கல், சொரசொரப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் ஒரே சொல். பாடத்தில் 23 முறை வருகிறது. ‘துருவின் அழகு’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே கூச்சமாக இருக்கிறது. கைகொடுங்கள்.

அனுப்பியவர்: இ.

நடுவில் ‘த்’ எதற்கு? நெளி என்பது வினையடி, ஆகவே நெளிதகடு வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாயை யாரும் ஊறுக்காய் என்பதில்லை. நெளியைப் பெயராகக் கொண்டால் மிகலாம்தான், ஆனால் அப்போது நெளி மோதிரம் செய்ய வைத்திருக்கும் தகடு என்று எனக்குப் படும்.

அது தானாக நெளியவில்லையே, உருளைகளுக்கு நடுவே விட்டு நெளித்ததுதானே என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: நெளித்த தகடு என்று விரித்தாலும் தொகை நெளிதகடுதான். மூன்று காலமும் அதற்குள் அடங்கும். பெருங்காற்றில் கூரைத் தகடு படும் பாட்டைப் பார்த்தவர்கள் எதிர்காலத்தையும் ஒத்துக்கொள்வார்கள்.

அனுப்பியவர்: கோ.

நெளிவு புழுவுக்கும் பாம்புக்கும் உரியது. மூலச்சொல்லைப் பாருங்கள். லத்தீனில் ரூகா என்றால் தோல் சுருக்கம். அதிலிருந்து வந்ததுதான் கொருகேட்டட். நமக்கு அதற்கு நேர்ச் சொல் இருக்கிறது: திரை. நரை, திரை, மூப்பு என்று அடுக்குகிறோமே, அந்தத் திரை. அலைக்கும் அதுவே பெயர். சுருக்கம், அலை இரண்டையும் ஒரே சொல் தரும்போது வேறு எங்கே தேடுகிறீர்கள்? திரைத்தகடு என்று எழுதுங்கள். மூப்படைந்த கட்டடங்களைப் பற்றிய பாடத்தில் நரையும் திரையும் வருவது பொருத்தமும்கூட.

திரி, திருகு, திரும்பு, திரள் என எல்லாவற்றிலும் வளைவுக் கருத்து ஓடுவதையும் கவனியுங்கள். துருவும் அப்படியே. துருவுதல் என்றால் குடைந்து செல்லுதல். இரும்பைத் துருவிச் செல்வது துரு. அப்புறம் பாட்டினாவும் நம்முடைய ‘பாடு’ என்பதிலிருந்து போனதாக இருக்கலாம் என்பது என் நெடுநாள் ஐயம். விரிவாகத் தனியே எழுதுகிறேன்.

அனுப்பியவர்: ச.

ஐயா, விரிவாக எழுத வேண்டாம், வெள்ளிக்கிழமை வந்துவிடும் :-)

பாட்டினா லத்தீனில் ஆழமில்லாத தட்டைக் குறிக்கும் சொல். பழைய தட்டுகளில் படிந்த பச்சைக்குப் பெயராகி, அப்புறம் எல்லாவற்றுக்கும் ஆனது என்கிறார்கள். பாடு அங்கே போகவில்லை. திரைத்தகடு என்றால் திரைப்படத்தைக் குறுந்தகட்டில் போட்டு விற்கிறார்கள் என்றுதான் மாணவர் நினைப்பார். எல்லாரும் சொல்கிற ‘தகரம்’ போதாதா? காலத்தால் வந்த சொல்லைக் கடியாதே என்று தொல்காப்பியமே இடம் தருகிறது.

அனுப்பியவர்: ப.

உலோகத்தோடு வேலை பார்த்தவள், வாரக்கடைசியில் படமும் எடுப்பவள் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக.

தகரம் என்றால் அகராதியில் வெள்ளீயம். இந்தத் தகட்டில் வெள்ளீயம் துளிகூட இல்லை. 1829இல் லண்டன் துறைமுக நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஹென்றி ராபின்சன் பாமர் இரும்புத் தகட்டை அலையலையாக மடிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மெல்லிய தகடு தட்டையாக இருந்தால் தொய்யும், மடித்தால் விறைப்பு வந்துவிடும். துரு மட்டும் தீராத தலைவலியாக இருந்தது. 1837இல் பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சொரேல் துத்தநாகப் பூச்சுக்குக் காப்புரிமை பெற்றார். பிற்பாடு இரும்பும் போய் எஃகு வந்தது. ஆக, ‘அயர்ன்’ என்ற பெயரும் இன்றைய தகட்டுக்குப் பொய்தான். இந்தக் குழப்பம் நமக்கு மட்டுமில்லை. அமெரிக்க ஒளிப்படக்காரர் வாக்கர் எவான்ஸ் 1936இல் அலபாமாவின் மௌண்ட்வில்லில் எடுத்த நெளிதகட்டுக் கட்டடப் படத்தின் பெயரிலும் ‘டின்’தான் இருக்கிறது. ஆகவே தகரத்தை நான் தள்ளவில்லை. ‘தகரக் கொட்டகை’ என்பதைக் கட்டடத்துக்கு வைத்துக்கொண்டு, பொருளுக்கு நெளிதகடு என்று பிரித்துவிடலாம்.

பாட்டினா பற்றி. துரு எங்கும் ஒரே சீராக வருவதில்லை. துத்தநாகம் தன்னை முதலில் கரையக் கொடுத்து இரும்பைக் காக்கும். அது தீர்ந்த இடத்தில்தான் செம்மை தலைகாட்டும்: ஆணி அடித்த துளை, வெட்டிய ஓரம், ஒரு தகடு மற்றதன் மேல் ஏறி ஈரம் தங்கும் இடம். படத்தில் ஆணியிலிருந்து கீழே வழியும் அந்தச் செங்கோடுகள் ஒவ்வொன்றும் மழை போன வழி. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் பொருக்குப் பொருக்காக உரியும். உரிந்ததும் அடியில் இருக்கும் இரும்பு மறுபடி வெளியே வரும். செம்பின் மேல் படியும் பச்சை அப்படியில்லை, அது ஒட்டிக்கொண்டு அடியிலுள்ளதைக் காக்கும். ஒன்று போர்வை, மற்றது கரையான். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவதில் எனக்கு உறுத்தல் உண்டு. காப்புத் துரு படியும்படியே செய்த எஃகும் இருக்கிறது என்பதால் விதியாகச் சொல்லமாட்டேன்.

அனுப்பியவர்: வே.

செம்பின் பச்சைக்குக் களிம்பு என்று பெயர் உண்டே. சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிணித்திருக்கும் ஆணவ மலத்துக்கு உவமையே செம்பில் களிம்புதான். செம்பு உள்ளபோதே அதுவும் உண்டு என்பார்கள். இத்தனை ஆழமான சொல்லை விட்டுவிட்டு பாட்டினாவா?

அனுப்பியவர்: ச.

சித்தாந்தத்தில் களிம்பு போக வேண்டிய ஒன்று. இங்கே ஒளிப்படக்காரர் அது போய்விடக் கூடாதே என்று ஓடுகிறார். அதுவும் இன்றைக்கு ‘களிம்பேறிய கதவு’ என்று எழுதினால், கதவுக்கு முட்டிவலி, மருந்து தடவியிருக்கிறார்கள் என்று தோன்றும்.

அனுப்பியவர்: யோ.

எங்கள் ஈழத்து வழக்கில் துருவுக்குக் கறள் என்பது பெயர். ‘கறள் பிடித்த தகரம்’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். வெளியில் கிடந்து சிதைவதற்குப் புவியியல் புத்தகத்தில் வானிலையாலழிதல் என்று படித்தோம். ஆனால் அது பாறைக்குச் சரி. மரக் கதவு ஒன்று வெயிலில் சாம்பல் நிறமாகி, வரி வரியாக எழும்பி நிற்கிறதைப் பார்த்து ‘வானிலையால் அழிந்த கதவு’ என்றால், கதவே இல்லை என்றல்லவா ஆகிவிடும்?

அனுப்பியவர்: ப.

யோ. சொன்ன மரக் கதவுதான் சரியான சோதனை. அதில் துருவும் இல்லை, களிம்பும் இல்லை. பாடத்தில் பக்க வெளிச்சம் பற்றிய பகுதியை எடுத்துப் பாருங்கள். வெயில் சாய்ந்து சுவரை உரசிக்கொண்டு போகும்போதுதான் அந்த வரிகள், காரை பெயர்ந்த விளிம்பு, தகட்டின் மேடு பள்ளம் எல்லாம் எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். நிறம்தான் வேண்டும் என்றால் மேகமூட்டம் நல்லது, மழை நின்ற கையோடு என்றால் இன்னும் நல்லது, நனைந்த துரு ஆழ்ந்த நிறம் காட்டும். அப்படியானால் நாம் தேடும் சொல் நிறத்துக்கா, பரப்பின் மேடுபள்ளத்துக்கா? மூலநூல் இரண்டையும் ஒரே பையில் போட்டிருக்கிறது.

(பாடத்தில் இல்லாவிட்டால் சேர்த்துவிடுங்கள்: நெளிதகட்டைத் தூரத்திலிருந்து எடுத்தால் தகட்டில் இல்லாத பட்டைகள் படத்தில் தோன்றலாம். கொஞ்சம் நகர்ந்து இன்னொன்று எடுத்துக்கொள்வது நல்லது.)

அனுப்பியவர்: இ.

‘காலமெருகு’ என்று ஒன்று தோன்றியது.

அனுப்பியவர்: ச.

மெருகு பளபளப்பு. துரு பளபளக்குமா?

அனுப்பியவர்: கோ.

பாட்டினா நம்முடையது அல்ல என்றே வைத்துக்கொள்வோம். ‘பாடு’ நம்முடையதுதானே? படு என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர். வெயில்பட்டது, மழைபட்டது, அடிபட்டது. பட்டதெல்லாம் சேர்ந்து பாடு. ‘காலப்பாடு’ என்று வைத்தால் தகடு, மரம், காரை, செம்பு நான்குக்கும் பொருந்தும். காப்பதா அரிப்பதா என்ற ப. அம்மையாரின் வழக்கும் எழாது.

அனுப்பியவர்: ச.

வேர் பிடித்த கதை தவறு, கிடைத்த சொல் நன்றாக இருக்கிறது. கோ. ஐயாவிடம் இது வழக்கம்தான். ஆனால் முதல் முறை படிக்கிறவர் ‘கால் அப்பாடு’ என்று தடுக்கி விழாமல் இருக்க வேண்டும்.

அனுப்பியவர்: ந.

எல்லாருக்கும் நன்றி. வியாழன் இரவு, இதற்கு மேல் முடியாது.

நெளிதகடு என்றே போகிறேன், ‘த்’ இல்லாமல். கட்டடத்துக்குத் தகரக் கொட்டகை. முதல் முறை வரும் இடத்தில் கறள் என்பதையும் துருவோடு சேர்த்துவிட்டேன்.

பாட்டினாவில் நடந்தது வேறு. 23 இடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். 19 இடங்களில் பெயர்ச்சொல்லே தேவைப்படவில்லை. துருவேறிய தகடு, பாசியேறிய சுவர், பழுப்பேறிய சுண்ணாம்பு, வெயில் குடித்த மரம் என்று எழுதினால் முடிந்துவிடுகிறது. ஏறிய என்றதும் இழப்பு என்ற எண்ணம் போய், சேர்ந்தது என்ற எண்ணம் வருகிறது. மூலநூல் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மழுப்பிய இடங்களில், எது எதன் மேல் ஏறியது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று, அதற்காகப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மீதி 4 இடங்களில், தலைப்பு உட்பட, காலப்பாடு. காலமெருகுக்கு மூன்று பேர் தனியஞ்சலில் வாதாடினார்கள். மன்னிக்கவும்.

அனுப்பியவர்: கோ.

காலப்பாட்டை ஏற்றதற்கு மகிழ்ச்சி. திரைத்தகட்டை நான் விட்டுக்கொடுக்கவில்லை என்பதைப் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

அனுப்பியவர்: இ.

இணைப்பில் அனுப்பிய அட்டையைப் பார்த்தேன். உள்ளே முழுக்க ‘ஒளிப்படம்’, அட்டையில் மட்டும் ‘புகைப்படம்’. எதை வைக்கப்போகிறீர்கள்?

அனுப்பியவர்: வே.

இரண்டும் வேண்டாம், நிழற்படம்.